கோசோங் தேத்தண்ணி

மலாயாவில், சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால்மரம் சீவுவதில் என் மனைவியின் கைக்கு ஈடு கிடையாது. கத்தி வழுக்கிக்கொண்டு போகும், பட்டை மெல்லிய சுருளாய் உதிரும், அந்தக் கோட்டில் பால் ஊறி இறங்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஒரு காலையில் கங்காணி கேட்டார்: "என்னா தங்கச்சி, மரத்த சீவுறியா, கொல்லுறியா?"

பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் கத்தி இறங்கியிருந்தது. ஒரு மரத்தில் என்றால் கைத்தவறு. வரிசை நெடுகக் காயம்.

கண் மங்கிவிட்டது அவளுக்கு. யாரிடமும் சொல்லாமல் விரலால் தடவித் தடவிச் சீவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கண்ணு தெளியிற வரைக்கும் புல்லு வெட்டப் போ" என்றார் கங்காணி. "தெளியலன்னா உன் நெறைய வேற ஆளுக்குக் கொடுத்துருவேன். என் மேல கோவப்படாத. காயத்த தொரை பாத்தா எனக்கும் வேல போயிரும்."

நெற என்றால் ஒருவர் சீவும் மரங்களின் வரிசை. நாங்கள் குடியிருந்த லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். பாத்திரமும் பாயும் யாருக்கும் உண்டு. அந்த மரங்களை மட்டும் அவள் "என்னோடது" என்று சொல்லுவாள். அவை கைவிட்டுப் போனால் அவளிடம் மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

தாகம் வேறு. குடம் குடமாய்க் குடித்தும் தீராத தாகம். உடம்பு வற்றியது. பக்கத்து அறைப் பெண்கள் பாசத்தோடு வந்து, "சத்து பத்தல அக்கா, நல்லா சீனி போட்டுக் குடிங்க" என்றார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் இருந்த டிரெஸர் அவளுடைய சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"இனிப்பு நீர்மா. மலாய்க்காரங்க கென்சிங் மானிஸ்னு சொல்லுவாங்களே, அதேதான். சீனிய விட்டுரு, சோத்தக் கொற. கண்ணு தெளிய வழியிருக்கு."

"பால் தேத்தண்ணி, ஐயா?" என்று கேட்டாள்.

"பாலு தாராளமா ஊத்திக்க. சீனிதான் ஆகாது."

சீனியை அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பினாள். "குலா மலாக்கா கருப்பாத்தானே இருக்கு, சீனி மாதிரியா இருக்கு?" என்று நான் இழுத்ததற்கு, "கருப்பு எறும்பு கடிக்காதாக்கும்!" என்று அந்தத் தென்னைவெல்லத்தையும் பின்னாலேயே அனுப்பினாள். கோயிலில் சர்க்கரைப் பொங்கலை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தாள். "அக்கா சாமி மேல கோவமா?" என்று கேலி பேசினார்கள்.

கண் தெளியவில்லை. குழாய் மறுபடி செங்கல். "ஒளிச்சு வச்சு எதும் திங்கிறியாம்மா?" என்று டிரெஸர் கேட்டபோது அவள் எழுந்து வெளியே போனாள்.

எங்கள் லயத்தில் பால் என்றால் டின் பால். வேறொரு பால் எங்களுக்கு நினைவில் வருவதே இல்லை. கரண்டியிலிருந்து நூலாய், அவசரமே இல்லாமல் இறங்கும். குவளையின் அடியில் அது எவ்வளவு தடிமனாய்ப் படிந்திருக்கிறதோ, அவ்வளவு மரியாதை விருந்தாளிக்கு. சீனியை விட்ட அவள் அந்தப் பாலை நாளெல்லாம் குடித்தாள். பத்தியம் தவறாமல் குடித்தாள்.

பிறகு மழை வந்தது. வானம் தோட்டத்தின் மேல் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. ஆறு சாலையைத் தின்றது, சாமான் லாரி நின்றது. கடைக்கார பாயின் தட்டில் கருவாடும் தேயிலைத் தூளும் மட்டும் மிஞ்சின. டின் பால் எங்கேயும் இல்லை. வண்டியோட்டும் மலாய்க்காரர் 'கோசோங்' என்பாரே, பாலும் இல்லாத சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி, அதைத்தான் குடித்தாள். "இத குடிக்கிறதுக்கு மழத்தண்ணியக் குடிக்கலாம்" என்று முகம் சுளித்தாள். குடித்தாள். வாரங்கள் போயின.

மழை சற்று ஓய்ந்த ஒரு காலை. வாசலில் நின்றவள் சொன்னாள்: "ஏங்க, அந்தக் கரிச்சான் குருவிக்கு வாலு நுனியில ரெண்டு இறகு தனியாத் தொங்குது பாருங்க."

எனக்குக் குருவியே தெரியவில்லை. அவளுக்கு இறகு தெரிந்தது!

எது மாறியது என்று இரண்டு பேரும் யோசித்தோம். மாறியது ஒன்றே ஒன்று. காலி டின்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரெஸர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! பாலுன்னா மாட்டுப் பாலுன்னுல்ல நெனச்சேன்! சீனியக் கொட்டிக் காய்ச்சுனதும்மா இது!" அவர் சிரித்தார், நான் சிரித்தேன். அவள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாலை திறந்ததும் பாய் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒனக்குன்னே ரெண்டு டின்னு எடுத்து வச்சிருக்கேன்."

"அத வித்துருங்க பாய். அதிமதுரம் இருக்கா?"

"ஏன், இருமலா?"

"தேத்தண்ணிக்கு."

"அலமாக்! வைத்தியச்சி ஆயிட்டியா?"

டிரெஸரைக் கேட்டு, எப்போதாவது ஒரு சிறு துண்டு தட்டிப் போட்டாள். அந்த வேரின் இனிப்பு நாக்கின் ஓரத்தில் வந்து நின்று, போகத் தயங்கும். மற்ற நாளெல்லாம் கோசோங்தான். நோய் உடம்பை விட்டுப் போகாது, காவல் இருக்க வேண்டும் என்று டிரெஸர் சொல்லியிருந்தார். ஆனால் அந்த மாதம் விளக்கின் மேல் குழாய் கொதித்துக் குமிழியிட்டும் நீலம் நீலமாகவே நின்றது. இன்னொரு தரம் காய்ச்சச் சொன்னேன். நீலம்!

மறுநாள் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வேளையில், கத்தியோடு போய் முன்வரிசையில் நின்றாள். கங்காணி அவளை நெறைக்கு அழைத்துப் போய் ஒரு மரத்தைக் காட்டினார்; நானும் கூடவே போயிருந்தேன். சீவினாள். காயமில்லை. அவர் குனிந்து பார்த்தார், நகத்தால் தடவிப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"சரி தங்கச்சி. நாளையிலேருந்து நெற ஒனக்குத்தான்."

"நாளைக்கு எதுக்கு அண்ணே? பாலு இன்னிக்கே வருதே" என்றவள், எங்கள் இருவரையும் அங்கேயே நிற்கவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.