ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி

எழும்பூர் மியூசியத்துக்கு எங்கள் ஏரியாவில் செத்த காலேஜ் என்று பெயர். அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் அங்கே போனோம்.

சாயந்திரம் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. என் சிநேகிதனின் மகள் தனியாகப் பாடப் போகிறாள். அவன் பெண்டாட்டி இறால் கம்பெனிக்கு ஷிப்டு போய்விட்டாள். வீட்டில் தனியாக இருப்புக் கொள்ளாமல் என்னையும் ஒரு டிரெய்லர் டிரைவரையும் லீவு போட வைத்துவிட்டான்.

அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எங்களுக்கு வேலை. நான் வெளியே நின்று பெயின்ட் அடிப்பவன். அவன் கன்டெய்னர் பெட்டிக்குள் நின்று சுத்தியலால் ஒடுக்கு எடுப்பவன். அடிக்கிற சத்தம் முழுவதும் உள்ளேயே சுற்றும். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். காதில் மெஷின் மாட்டினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வீட்டில்கூடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன் என்பதால் சொல்லியிருப்பான்.

"இந்த வாட்டி கொயந்த பாட்ட கேட்டுடணும் நைனா. அடுத்த வருசம் இன்னா ஆவுமோ" என்றான் பஸ்ஸில்.

மியூசியத்தில் கூட்டம் இல்லை. மேலே தொங்கிய திமிங்கல எலும்பைப் பார்த்தோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய மேளமும் கொம்பும் இருந்தன. அவன் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"இன்னா மாமு, உள்ள கச்சேரி நடக்குதா?" என்றான் டிரைவர். அவனுக்கு விஷயம் தெரியாது. காது கேட்காதவன் சிரித்துத் தலையாட்டினான். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது அவனுக்குப் பழகியிருந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

பள்ளிக்கூட மைதானத்துக்கு வெயில் தாழ்வதற்கு முன்பே போய்விட்டோம். மேடைக்கு இடது பக்கம் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அதை ஒட்டிய நாற்காலியில், இடது காது அந்தப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான்.

"காது கியிஞ்சிடும்டா, இப்டி வா" என்றான் டிரைவர். அவன் அசையவில்லை.

மகள் வந்தாள். ரெக்கார்டு மியூசிக் ஆரம்பித்தது. அவள் வாய் திறந்ததும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் குரல் கேட்கவில்லை. மேளம் மட்டும்தான் அவனுக்கு எட்டியது. மெதுவாக உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்தான். யார்டிலும் அப்படித்தான்; ஃபோர்க்லிஃப்ட் வருகிற சத்தம் கேட்காது, தகரம் அதிர்வதை வைத்துத்தான் ஒதுங்குவான். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தான்.

பாதிப் பாட்டில் மியூசிக் நின்றுவிட்டது. ஏதோ ஒயர் கோளாறு. மைக் மட்டும் வேலை செய்தது. பிள்ளை பயப்படவில்லை. மேளம் இல்லாமலே, சன்னமான குரலில், விடாமல் பாடினாள். மைதானம் முழுக்க அமைதி. அதுவரைக்கும் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

பெட்டியில் அதிர்வு நின்றதும் அவன் கண்ணைத் திறந்தான். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, மேடையைக்கூடப் பார்க்காமல் எழுந்து நின்று பலமாகக் கை தட்டினான். நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் பின்னால் சிரிப்பு கிளம்பிவிட்டது. "யோவ், உக்காருய்யா, பொண்ணு பாடிக்கினு கீது!" என்று யாரோ கத்தினார்கள். மேடையில் அவள் அப்பாவைப் பார்த்தாள். பாட்டு நின்றது. டீச்சர் வந்து தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டாள்: "ஏம்ப்பா நடுவுல கை தட்ன?"

டிரெய்லர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "சூப்பரா பாட்னம்மா. கடசி வரைக்கும் கேட்டேன்" என்றான். பிறகு பஸ் வருகிறதா என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அவன் முதுகுக்குப் பின்னால், வலது பக்கமாக வந்து, "அப்பா" என்றாள். அவன் திரும்பவில்லை. இடது பக்கம் வந்து கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பஸ் வந்தது. அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, பஸ் வந்துவிட்டது என்று விரலால் காட்டினாள்.