மோசம் போன மொழிபெயர்ப்பு

தொண்ணூறுகளின் நடுவில் நான் சிங்காநல்லூரில் ஒரு டுடோரியல் காலேஜில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குச் செயப்பாட்டு வினை சொல்லித்தருவதுதான் வேலை. அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. நானும் அதை நம்பினேன். தமிழ் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு உதவும் சிறிய அமைப்பு ஒன்றை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடத்திவந்தார். ஒருநாள் அவர் என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க சார், வெளிநாட்டுத் தூதரகத்துல இருந்து ஒரு அம்மா வாராங்க. அவங்க நாட்டுல இருக்கற பிள்ளைங்ககிட்டப் போறதுக்கு மனுப் போட்டவங்களை முகாம்லயே வெச்சு விசாரிக்கோணுமாங்க. நீங்க கூட வந்து ரெண்டு பக்கமும் எடுத்துச் சொல்லிப்போடுங்க."

கிளம்பும் காலையில் கல்யாணத்துக்கு வாங்கிய டையைக் கட்டிக்கொண்டேன். "இந்த வெய்யில்ல இதக் கட்டிக்கிட்டு எங்கீங்க போறீங்க?" என்றாள் மனைவி. "இது ராஜதந்திர வேலை" என்றேன். அவள் தண்ணீர் பாட்டிலை என் பையில் வைத்தாள்.

முகாம் தாராபுரம் பக்கம் இருந்தது. கார் நின்றதும் வாசலில் இருந்த காவலர், சாதாரண பருத்திச் சட்டை போட்டிருந்த தூதரக அம்மையாரை விட்டுவிட்டு எனக்கு சல்யூட் அடித்தார். தவறு என்று தெரிந்தும் நான் திருப்பி அடித்தேன்.

முதலில் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். யாழ்ப்பாணத்துக்காரர். தூதரகத்தின் நாட்டில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர மனுப் போட்டிருந்தார். அம்மையார் வேகமாகக் கேள்விகளை அடுக்கியபோது, "ஆறுதலாக் கதைக்கச் சொல்லுங்கோ தம்பி" என்றார் அவர். ஆறுதலாகப் பேசும்படி கேட்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். அம்மையாரின் முகம் இளகியது. நாற்காலியை நெருக்கிப் போட்டு அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டார். அந்தப் பெண் விழித்தார். 'ஆறுதலாக' என்றால் அவர்கள் ஊரில் 'மெதுவாக' என்று பொருள். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்து கணவரைப் பற்றிக் கேள்வி வந்தது.

"என்ர மனுசன் மோசம் போயிட்டார்" என்றார் அவர், குனிந்தபடி.

மோசம் என்றால் மோசம்தானே. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, கணவர் இவரை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். அம்மையார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பற்றியிருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நல்ல வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்ட திருப்தியில் நான் டையைச் சரிசெய்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்துத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரிந்து சென்ற கணவர் இப்போது எங்கே இருக்கிறார், மனைவி வெளிநாடு போக அவருக்கு ஆட்சேபணை உண்டா என்ற விவரம் வரும்வரை மனு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். விவரம் வாங்கிவர நானே பஸ் ஏறிப் போனேன். அந்த ஆளைக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்ற கோபம்கூட வழியில் வந்தது.

அந்தப் பெண் தகரக் கூரை வீட்டின் முன்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கீங்க இருக்காரு?"

அவர் கையிலிருந்த சேலையோடு நின்றுவிட்டார். "அண்டைக்கே சொன்னனான் எல்லே, அவர் மோசம் போயிட்டார் எண்டு."

"அது தெரியுமுங்க. உங்களை ஏமாத்திப்போட்டு எந்த ஊருக்குப் போனாருன்னு கேக்கறேனுங்க."

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். "ஐயா, அந்தாள் செத்துப்போச்சு. ஷெல் விழுந்து, வீட்டு வாசலிலேயே. மோசம் போறதெண்டா எங்கட ஊரில சாகிறது."

கடிதத்தை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன அந்த நல்ல வாக்கியம் உட்பட.

அந்தப் பெண் சேலையைக் கொடியில் போட்டு ஓரத்தை நீவிவிட்டார். "இருபத்தெட்டு வருசத்தில எனக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுசன்" என்றார். கண் கலங்கியது. பிறகு என்ன நினைத்தாரோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்த வெள்ளைக்காரப் பிள்ளை என்ர கையை விடாமப் பிடிச்சுக்கொண்டிருந்தது இதுக்கோ?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தூதரகத்துக்கு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் வட்டார வழக்கின் மேல் பழியைப் போட்டேன். இரண்டாவதில், நான் பாடம் நடத்தும் அதே செயப்பாட்டு வினையில், தவறு 'செய்யப்பட்டுவிட்டதாக' எழுதினேன். யாரால் என்று சொல்லவில்லை. தலைமையாசிரியர் படித்துப் பார்த்து, "சார், தப்பு யாரு பண்ணுனதுன்னு இதுல காணமுங்களே" என்றார். மூன்றாவதில் எழுதினேன்: கணவர் இறந்துவிட்டார், அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னார், எனக்கு என் மொழி புரியவில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்க யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஊரில் அலுவலகமே மிஞ்சவில்லை. அதற்குப் பதிலாகச் சாட்சிகளோடு உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து அனுப்பினோம். அனுமதி வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதில் பாதியாவது என்னால் ஆன தாமதம். அந்தப் பெண் சென்னைக்கு ரயில் ஏறிய அன்று ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஜன்னல் வழியாக, "போட்டு வாறன் தம்பி" என்றார். அது எனக்கு உடனே புரிந்தது.

அதன் பிறகும் தலைமையாசிரியர் என்னை முகாமுக்குக் கூப்பிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும். இந்த முறை டை இல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். யார் எது சொன்னாலும் நிறுத்தி, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு மனுவை முடிக்க அரை நாள் ஆனது. முகாமில் எல்லோரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் ஒருநாள் என் முன்னால் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, இது தேத்தண்ணி. தேத்தண்ணி எண்டா தேத்தண்ணிதான். எழுதாமக் குடியுங்கோ."