சிவப்பு சுவிட்சின் மேல் ஒரு கை

சத்தியம் பண்ணுவதே பாவம் என்று வளர்ந்தவர் கிருபாநிதி. சாயர்புரத்துக் கிறிஸ்தவக் குடும்பம், ஊர்ப்பேச்சில் வேதக்காரர். சாட்சிக் கூண்டில் ஏறினால்கூட "உறுதி கூறுகிறேன்" என்பாரே தவிர, சத்தியம் என்ற சொல் அவர் வாயில் வராது. அப்படிப்பட்ட மனுஷர் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்துக்குத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பேய் என்றால் இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில். கண்ணைப் பறிக்கும் உப்பு வெளியில்.

1976, பங்குனி மாதம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு தனியார் உப்புக் கம்பெனி. உப்பளத்திலிருந்து தோணி நிற்கும் பாலம் வரை சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வரிசையாகத் தகரப் பெட்டிகள், நிறைய உப்பு, இழுக்க ஒரு டீசல் இஞ்சின். இஞ்சினில் ஒரு டிரைவர் இருக்க வேண்டும். முன்னால் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் போக வேண்டும். சட்டம் அப்படி.

அந்த வருஷம் கம்பெனி புதிதாக ஒரு மின்சார இஞ்சின் வாங்கியது. அதில் ஆளே ஏற வேண்டாம். தண்டவாளத்துக்கு மேலே நீளமாக ஒரு கம்பி. தூரத்து மேட்டில் ஒரு கேபின். அங்கே உட்கார்ந்து லீவரைத் தள்ளினால் கம்பியில் கரண்ட் பாயும், வண்டி ஓடும். இழுத்தால் நிற்கும். அவ்வளவுதான். டிரைவரும் வேண்டாம், கொடிக்காரனும் வேண்டாம்.

ஆனால் அரசாங்க அனுமதி வேண்டுமே. வண்டியைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்த இன்ஸ்பெக்டர்தான் கிருபாநிதி.

பாதை நடுவில் ஒரு கடவு இருந்தது. உப்புச் சுமக்கும் பெண்கள் தலையில் கூடையோடு தண்டவாளத்தைத் தாண்டும் இடம். கிருபாநிதி அங்கேயே நின்றுவிட்டார்.

"கண்ணில்லாத வண்டி, ஆளு குறுக்க வாரத எப்படிப் பாக்கும்?" என்று கேட்டார்.

மேனேஜர் வன்னியபெருமாள் சிரித்தார். கடவுக்குப் பக்கத்தில் நட்டிருந்த இரும்புக் கம்பத்தைக் காட்டினார். அதில் ஒரு பெட்டி. பெட்டியில் சிவப்பாக ஒரு சுவிட்ச்.

"இத அமுக்குனா கம்பியில கரண்ட் கட்டாயிரும் சார். வண்டி அந்தானைக்கு நின்னுரும். பச்சப்புள்ளகூட நிறுத்தலாம்."

சோதனைக்காக அன்று அளத்தில் எல்லோருக்கும் லீவு விட்டிருந்தார்கள். ஒரு குருவி இல்லை. கேபினில் லீவர் பிடிக்க இனிகோ என்ற இளைஞன். திரேஸ்புரத்துக்காரன், குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள் அவன். மேனேஜரும் அவனோடு கேபினுக்குப் போய்விட்டார். கடவில் வெள்ளைச் சட்டையில் கிருபாநிதி மட்டும் தனியாக நின்றார்.

முதல் ஓட்டம். வண்டி வந்தது. கிருபாநிதி சுவிட்சை அமுக்கினார். நின்றது. கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து வண்டி மெதுவாக நகர்ந்து போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் அவர் சுவிட்சைத் தொடப்போவதில்லை. வண்டி வருவது காதுக்கு எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத் தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கம் போய் நின்றுகொண்டார். கம்பம் அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம்.

ஊருக்குள்ளிருந்து மில் சங்கு ஊதியது. பகல் பன்னிரண்டு.

வண்டி புறப்பட்டது. பழைய டீசல் வண்டி என்றால் அரை மைலுக்கு அப்பாலேயே கடகடவென்று கேட்கும். இது அப்படி இல்லை. தலைக்கு மேலே கம்பி மட்டும் 'ம்ம்ம்...' என்று முனகியது. கானல் நீரில் மிதப்பதுபோல வண்டி வந்தது. இவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை.

கடவுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் வண்டி நின்றது.

யாரும் நிறுத்தவில்லை. தானாக நின்றது.

கேபினில் லீவரை இழுத்துவிட்டார்களோ என்று நினைத்தார். ஆனால் கம்பியின் முனகல் நிற்கவில்லை. 'ம்ம்ம்...' முன்னைவிடக் கூடியிருந்தது. இஞ்சின் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கம்பத்தைப் பார்த்தார்.

ஒரு பெண் நின்றிருந்தாள்.

முப்பது வயதிருக்கும். நரம்பு போன்ற உடம்பு. வலது உள்ளங்கையைச் சிவப்பு சுவிட்சின் மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். பார்வை முழுக்க வண்டியின் மேல்.

"யாரும்மா அது? இன்னைக்கு லீவுன்னு சொல்லலையா?"



அளத்தில் வேலை செய்கிறவர்களின் கால் உப்புப் பூத்து வெளுத்திருக்கும். இவள் கால் கறுப்பாக இருந்தது. முழங்கால்வரை கரிசல் மண். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கரிசல் கிடையாது. அந்த வெயிலில் அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

"கைய எடும்மா."

"எடுத்தா வந்துரும்யா."

குரல் மிகவும் தள்ளி, ஒரு வீட்டுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

கிருபாநிதிக்கு எரிச்சல் வந்தது. பிறகு பாவமாகவும் இருந்தது. யாரோ விவரம் தெரியாதவள், பயந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தார்.

"ஒண்ணும் செய்யாது. இதப் பாக்கத்தான் கவருமெண்டுல இருந்து நான் வந்திருக்கேன். பயப்படாத. நான் இருக்கேம்லா."

அவள் முதல் முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நெசமாவாய்யா?"

"நெசமாத்தான். எடு."

எடுத்தாள்.

வண்டி பாய்ந்தது.

கட்டு அறுந்த காளைபோல... அவருக்கும் அவளுக்கும் நடுவில்... பெட்டி, பெட்டி, பெட்டி...

கடைசிப் பெட்டி போனது.

கம்பம் இருந்தது.

அவள் இல்லை.

அந்தப் பக்கம் அடிவானம்வரை வெறும் பாத்திதான். ஒளிய ஒரு உடைமரம்கூட இல்லை.

கிருபாநிதி கேபினுக்கு நடந்தார். ஓடினார் என்று சொல்ல அவருக்கு வெட்கம். மேனேஜர் இளநீரோடு எதிரே வந்தார்.

"ரெண்டு ஓட்டமும் ஜோர். கையெழுத்து..."

"அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள?"

உள்ளே இனிகோ லீவரை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். கழுத்துச் சிலுவையை வாயில் கடித்திருந்தான்.

"சார், அங்கன யாருமில்ல," என்றான். "நான் பைனாக்குலர்ல பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க அந்தக் கம்பத்தப் பாத்துப் பேசிக்கிட்டு நின்னீய."

"வண்டிய ஏன் நிறுத்துன?"

"நான் நிறுத்தல சார். லீவரு தள்ளுனது தள்ளுனபடிதான் இருந்துச்சு. கரண்ட் போய்க்கிட்டேதான் இருந்துச்சு. மீட்டர்ல முள்ளு மேல ஏறி நடுங்குச்சு. வண்டி எதையோ முட்டிக்கிட்டு நிக்குத மாதிரி."

"ஏலே இனிகோ," என்றார் மேனேஜர் மெதுவாக. அந்த மெதுவான குரலில் அவன் வேலை போயிருந்தது. அது அவனுக்கும் தெரிந்தது. தெரிந்தும் சொன்னான்.

"சார், அந்த சுவிட்சுக்கு வயரே கிடையாது. நீங்க பெட்டியில கை வச்சதும் நான் இங்கன லீவர இழுக்கணும்னு எனக்கு உத்தரவு. மொத ஓட்டத்துல அப்படித்தான் நிறுத்துனேன்."

கிருபாநிதி திரும்பிப் போய்ப் பெட்டியைக் கழற்றினார். கம்பத்துக் குழாய் மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கி, அதோடு முடிந்திருந்தது. உள்ளே வெறும் உப்பு.

அனுமதி மறுத்து எழுதினார். இணைக்கப்படாத சுவிட்சை வைத்து ஏமாற்றினார்கள் என்பதே காரணம். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் எந்த மேலதிகாரி நம்புவார்? இனிகோ அன்றோடு வேலையை விட்டுத் திரேஸ்புரத்தில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டான். சில மாதத்தில் கிருபாநிதிக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. கம்பெனி நிஜமாகவே வயர் கொடுத்து, வேறொரு அதிகாரியைக் கூப்பிட்டு அனுமதி வாங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்டபோது கிருபாநிதிக்குக்கூட மறுப்பு எதுவும் தோன்றவில்லை. அவர் சொன்ன குறையைத்தான் சரிசெய்துவிட்டார்களே.

1978. லீவில் சாயர்புரம் வந்திருந்தார். ஒரு சாயங்காலம் இனிகோ சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அந்தக் கடவுதான் சார். ஒரு பொம்பள."

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிணவறைக்கு வெளியே அளத்துப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கிருபாநிதி உள்ளே போய், துணியை விலக்கச் சொன்னார்.

அதே முகம்.

கிருபாநிதி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

செத்தவள் பெயர் பேச்சித்தாய். கடவில் அவளோடு இருந்தவள் பிலோமினா. நடந்ததை அவள்தான் சொன்னாள்.

"வண்டி வந்துச்சு. பேச்சித்தாய் சுவிட்ச அமுக்கிப் பிடிச்சா. நின்னுச்சு. நாங்க அஞ்சு பேரும் கடந்துட்டோம். அமுக்கிப் பிடிக்கித வரைக்குந்தான்யா நிக்கும், கைய எடுத்தா வந்துரும். மத்த நாளு யாராவது ஒருத்தி பின்தங்கி நின்னு, வண்டி போனப்புறம் வருவோம். அவகிட்டயும் சொன்னோம், கைய எடுத்ததும் தாண்டிராத புள்ளன்னு. கேக்கல. ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டு எட்டு வச்சா. ஒரு ஆபீசர் ஐயா எனக்குச் சொல்லியிருக்காருன்னா."

கையை எடுத்தால் கரண்ட் திரும்ப வந்துவிடும். கடைசியாகத் தாண்டுகிறவளுக்குச் சுவிட்சைப் பிடிக்க ஆள் இல்லை. வயர் இருக்கிறதா என்று பார்த்த யாரும் இதைப் பார்க்கவில்லை. அன்று அவள் அவரிடம் சொன்னது இதைத்தான். அவர்தான் எடு என்றார்.

தூண் ஓரத்தில் அவள் புருஷன் அய்யாக்குட்டி உட்கார்ந்திருந்தான். கிருபாநிதி அவன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"எத்தன வருசமா இந்த அளத்துல வேலை?"

"வருசமா? ஒரு மாசந்தான்யா ஆகுது. எட்டயபுரத்துக்கு அங்கிட்டு எங்க ஊரு. அதுக்கு முன்ன இந்தக் கடலையே அவ பாத்ததில்ல."

"அப்போ... அந்த ஆபீசரு?"

அய்யாக்குட்டி தலையை ஆட்டினான்.

"நானும் கேட்டேன்யா. ரெண்டு வருசம் முன்ன, பங்குனியில, களை வெட்டப் போன இடத்துல காய்ச்சல் கண்டு, கால்ல மண்ணோட வந்து விழுந்தா. கண்ணே திறக்கல. உச்சிப் பொழுதுல எந்திரிச்சு உக்காந்து, ஒரு வெள்ளச் சட்டக்கார ஐயா வந்தாரு, பயப்படாத நான் இருக்கேன்னாருன்னு சொன்னா. அதோட காய்ச்சலும் விட்டுட்டு. சாமின்னே நெனச்சுக்கிட்டோம்."

அவனே மேலும் சொன்னான்.

"இந்த வருசம் மழை இல்லாம ஊரே காலி. எல்லாரும் சிவகாசிப் பக்கம் போனாக. இவதான் தூத்துக்குடிக்குப் போவோம்னு ஒத்தக்கால்ல நின்னா. அந்த ஐயா அங்கதான் இருக்காருன்னா."