ஆள் வராத சட்டைகள்

தையல்காரிக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகலாம், உடம்பு மறக்காது. மட்டக்களப்பு வாவிக் கரையோரம் பதினேழு வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறேன். பேரைச் சொன்னால் யோசிப்பேன். வலது தோள் கொஞ்சம் இறங்கினவ என்றால் உடனே ஆள் தெரிந்துவிடும். புருஷன் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்களோடு நின்றவள்தான்.

மாறாத அளவு

ஒரு மத்தியானம் சிவபாலன் என்பவர் நான்கு துணிகளோடு வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, அழுத்தித் தேய்த்த சேர்ட், மெதுவான பேச்சு. மனைவி நிரோசாவுக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். அளவுக்கென்று ஒரு பழைய நீலச் சட்டையைப் பையிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தார். பூச்சி உருண்டை மணந்தது. உடுத்த சட்டையில் எவ்வளவு தோய்த்தாலும் ஆளின் வாசம் கொஞ்சம் மிஞ்சும். இதில் மிஞ்சவில்லை.

நான் அளந்து எழுதும்வரை பக்கத்திலேயே நின்று, சட்டையைத் திரும்ப மடித்து வாங்கிக்கொண்டார். அடுத்த தரம் ஆளையும் கூட்டி வாருங்கள், உடம்பு ஒரேமாதிரி இருக்காது என்றேன். அவர் லேசாகச் சிரித்தார்.

"தேவல்ல தங்கச்சி. அவட அளவு மாறாது."

இடம் விடாத தையல்

தைத்து முடித்த சட்டைகளைக் கம்பியில் தொங்கவிடுவேன். வாவிக் காற்று வந்தால் அவை உப்பிக்கொண்டு, ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல் தெரியும். சிவபாலனுடைய நான்கும் மட்டும் உப்பாமல் ஒட்டிக் கிடந்தன. நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும், கொளுக்கி வைத்துத் தரும் பறீனாவும்.

இரண்டு மாதத்தில் அதே நான்கையும் திருப்பிக் கொண்டுவந்தார். கக்கத்தில் எல்லாம் கிழிந்திருந்தன, கொளுக்கிகள் துணியோடு பிய்ந்திருந்தன. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டிருக்கிறேன், பிரித்து அகட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அந்தத் துணியையே வெட்டி எடுத்துவிட்டுத் தையுங்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். கோபமே இல்லாமல், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்போலச் சொன்னார்.

"இடம் இரிந்தா அவ நிரப்பிருவா."

என் கை

வெட்டித்தான் கொடுத்தேன். மறைக்க மாட்டேன். அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை என்பதால்தான் கை நடுங்காமல் வெட்ட முடிந்தது. கல்யாணமான புதிதில் என் மனுசன், "உன்ர கை தூண் மாதிரி இரிக்கு, மூடிப் போடு" என்றார். அன்றிலிருந்து முழங்கைக்குக் கீழே இறங்கும் கைதான் என் சட்டைக்கு. ஊருக்கெல்லாம் குட்டைக் கை தைத்துக்கொடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் நான் மெசினில் வெந்துகொண்டிருப்பேன்.

அன்று துணியை வெட்டி முடித்து நெற்றியைத் துடைத்தேன். பறீனா என்னையும் கீழே விழுந்து கிடந்த துணித் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கை உங்கட, வெயிலும் உங்கட. சட்டை மட்டும் அவருடயா ராத்தா?"

தோலில் கிடந்த தையல்

ஒரு மாதம் கழித்து, வாவி அசையாமல் கிடந்த ஒரு காலை, முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். நல்ல உயரம், அகன்ற தோள், படியேறி வந்ததற்கே தலையைச் சுற்றுகிறதென்று கதிரையில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். ஒரு சட்டைக்கு அளவு எடுக்கச் சொன்னாள். திரைக்குப் பின்னால் கையைத் தூக்கியபோது என் டேப் நின்றுவிட்டது. கக்கத்திலிருந்து விலா முடியும்வரை தோலில் கன்றிப்போன சிவப்புக் கோடு. இடது பக்கம் தையலைச் சற்றே வளைத்து இறக்குவது என் பழக்கம். அந்த வளைவு அப்படியே அவள் உடம்பில் கிடந்தது. ஆளை முன்பின் பார்க்காமலே, "நிரோசாவா?" என்றேன். ஓம் என்றாள்.

அவர் வேலைக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்து அந்த நீலச் சட்டையை எடுத்து வந்திருந்தாள். அது அவளுடைய பழைய அளவென்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அவளுடையதே இல்லை. செத்துப்போன மூத்த மனைவியுடையது. "அவ இதுக்குள்ள அடங்கினவ, உனக்கென்ன" என்று ஒவ்வொரு காலையும் அவர் அதை இவள் நெஞ்சில் வைத்து அளந்து பார்ப்பாராம். இரவுச் சாப்பாட்டை விட்டு ஏழு மாதம் ஆகிறதாம்.

சட்டையை வாங்கி, முதல்முறையாக உட்புறம் வெளியே வரத் திருப்பினேன். பக்கவாட்டில் கனமாகத் துணி மடிந்து கிடந்தது. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நாலு வரிசைத் தையல். நாலு தரம் ஒடுக்கியிருக்கிறார்கள். இடம் விடக்கூடாதென்று அவர் மூத்தவளை ஒடுக்கித்தான் கற்றிருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. நிரோசா அந்தத் தையல்களை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"அப்ப அவவுக்கும் இது அளவில்ல, அக்கா."

நாலாவது வரிசை

பிரியுங்கள் என்றாள். வரிசை வரிசையாகப் பிரித்தேன். வெயில் படாத நீலம் உள்ளிருந்து பட்டை பட்டையாக வெளியே வந்தது. கடைசி வரிசையும் பிரிந்ததும் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கொளுக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டும் சத்தம் கேட்டது. எல்லாம் மாட்டிற்று. வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் நின்றது யாரென்று எனக்கு ஒரு கணம் நிச்சயமில்லாமல் இருந்தது. அவள் வயிறு நிறைய மூச்செடுத்தாள். சட்டை அந்த மூச்சுக்கும் இடம் கொடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை, நீலச் சட்டை கடையில் இருப்பதாக அவளே சொல்லியனுப்ப, சிவபாலன் வந்தார். நிரோசா தன் அளவில் தைத்த புதுச் சட்டையோடு கதிரையில் இருந்தாள். மேசையில் விரித்திருந்த நீலச் சட்டையை அவர் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "இது யாருட?" என்றார். மூத்தவட என்றாள் நிரோசா. அவர் தலையை ஆட்டினார். அவ இவ்வளவு பெருசில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"அவவ நீங்க பார்க்கவே இல்ல. பிறகு என்னை எங்க பார்க்கப்போறீங்க?"

திரும்ப வந்தவர்

நிரோசா கதிரவெளியில் அக்கா வீட்டில் இருக்கிறாள். இரவில் சாப்பிடுகிறாள், கன்றிய கோடு மறைந்துவிட்டது என்று போனில் சொன்னாள். நானும் குட்டைக் கைக்கு மாறிவிட்டேன். என் மனுசன் முதல் நாள் என் கையைப் பார்த்து வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

சிவபாலன் மட்டும் இன்னொரு தரம் வந்தார். அதே தேய்த்த சேர்ட், அதே பூச்சி உருண்டை மணம், அன்று மேசையிலிருந்து எடுத்துப்போன அதே நீலச் சட்டை. துளைகள் இன்னும் தெரிகின்றன, அந்தக் கோட்டிலேயே நாலு தையலும் போட்டுத் தாருங்கள் என்றார். யாருக்கு என்று கேட்டேன். சட்டையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். மாட்டேன் என்றேன். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் படியில் நின்று திரும்பினார்.

"பறவாயில்ல தங்கச்சி. வேற ஆள் வருவா."

இப்போதெல்லாம் மனைவிக்கென்று துணி கொண்டுவரும் எந்த ஆம்பிளையிடமும் "ஆள் எங்கே?" என்றுதான் முதலில் கேட்கிறேன், அதனால் தையலைவிட வாய் நீளமான கடை என்ற பேர் எனக்கு இந்தக் கரையெங்கும் கிடைத்திருக்கிறது.