அப்பா வாசித்த பச்சையன் கதைகள்

என் அப்பா காரைக்காலில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். அவர் பிரெஞ்சு பேச ஆரம்பித்தால் கடையில் நிற்பவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எழுபதுகளில் எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் பக்கத்துத் தெருக்களிலேயே சிலர் இருந்தார்கள். அவர்களே அப்பாவிடம் நாலு வார்த்தை பேசுவதற்காகக் காலையில் ரொட்டி வாங்க வருவார்கள். அப்பா சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்தவர். ரொட்டி சுடவும் பேசவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகு அந்த இரண்டையும் வைத்துத்தான் பிழைத்தார். ஊரில் எல்லோரும் அவரை பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே' என்று கூப்பிட்டார்கள். முசியே மகள் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் எனக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்தில், என் சிநேகிதியின் சித்தப்பா பிரான்சில் இருந்து லீவுக்கு வந்தார். அவள் வீடு எங்கள் தெருவிலேயே மாடி வைத்த வீடு. வந்தவர் பெரியவர்களுக்கு சென்டும் கடிகாரமும் கொடுத்தார். அவளுக்கும் அவள் தம்பிக்கும் ஒரு கட்டு படக்கதைப் புத்தகங்கள் கொடுத்தார். அது ஒரு வீடியோ கேமுக்காகப் போட்ட படக்கதை. பெட்டியை டிவியில் சொருகினால் பொம்மையை நாமே ஓட்டலாம், குதிக்க வைக்கலாம் என்று சித்தப்பா கையை ஆட்டி விளக்கினார். பெட்டி அடுத்த தடவை வரும் என்றார். அது கடைசிவரை வரவில்லை. அப்போது தெருவுக்கே ஒரு டிவிதான். அதிலும் காற்று நன்றாக அடித்தால்தான் இலங்கைக்காரர்களின் நிகழ்ச்சி தெரியும்.

புத்தகத்தில் வந்த நாயகன் சதுர சதுரமாக ஒட்டி வைத்த ஒரு பச்சை மனிதன். நாங்கள் அவனுக்குப் பச்சையன் என்று பெயர் வைத்தோம். அவன் ஓடுகிறான், தாவுகிறான், ஊதா நிறத்தில் ஒரு பெரிய தலை அவனைத் துரத்துகிறது. ஏன் துரத்துகிறது என்று தெரியாமல் மூன்று பேரும் தவித்தோம். எழுத்தெல்லாம் பிரெஞ்சில் இருந்தது. நான்தான் சொன்னேன், எங்கப்பா படிப்பாங்க என்று. எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசுகிறவர் என்றால் படித்தவர் என்றுதான் அர்த்தம். படிக்கத் தெரியுமா என்று தனியாக ஒரு கேள்வி யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூட வாசல் வழியாக அந்தப் பாஷைக்குள் போனவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். குசினிக் கதவு வழியாகப் போனவர் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா கையில் ஒட்டிய மாவைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்பு அணைந்த பிறகு, மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நாங்கள் அந்தக் கட்டு முழுவதையும் கேட்டு முடித்தோம். ஊதாத் தலை ஒரு கொமிசேர், அதாவது போலீஸ் அதிகாரி. பச்சையன் ஒரு வீட்டில் சமையல்காரன். செய்யாத திருட்டுக்கு அவன்மேல் பழி விழுந்துவிட்டது. எல்லாக் கதையிலும் அவனுக்குப் பசித்தது, எல்லாக் கதையிலும் யாரோ ஒருவர் அவனுக்குச் சூப்பு கொடுத்தார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மூன்று சிவப்பு இதயங்கள் இருந்தன. அது என்ன என்று சிநேகிதி கேட்டாள். "அவனுக்காக ஊர்ல காத்துக்கிட்டு இருக்கிறவங்க மூணு பேரும்மா," என்றார் அப்பா. கதையின் நடுவில் ஓர் இதயம் காணாமல் போகும். அப்படியென்றால் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார், பச்சையனுக்கு அது தெரியாது. பக்கத்தின் உச்சியில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். அது அவன் வீட்டில் இருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்ற கணக்கு. கடைசிப் புத்தகத்தின் பின்னால் ஒரே ஒரு பக்கத்தில் பச்சையன் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். இதயங்கள் இல்லை. காத்திருக்க யாரும் இல்லாததால் கயிற்றை அவிழ்த்துக் கப்பலைப் போக விட்டுவிட்டான், ஊருக்குத் திரும்பவில்லை என்று அப்பா முடித்தார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். சிநேகிதியின் தம்பி அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று அவன் அம்மா வந்து சண்டை போட்டார்.

அதன் பிறகு நாங்கள் வளர்ந்து பச்சையனை மறந்துபோனோம். நானும் சிநேகிதியும் கல்லூரிக்குப் போனோம். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வீடியோ கேம் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. தம்பி அதை ஆடிவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்து, "நம்ம பச்சையன் மாதிரியே ஒருத்தன் அதுக்குள்ள ஓடுறான்க்கா," என்றான். பரணில் இருந்து பழைய கட்டை இறக்கினோம். செல் அரித்தது போக மிச்சம் நன்றாகவே இருந்தது.

அந்த மே மாதம் பூராவும் மாடி வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பழைய கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசினோம். படத்தைப் பார்த்து அப்பா சொன்னதை நினைவுபடுத்தி ஒருவர் சொல்வோம், மற்ற இருவரும் விமர்சனம் செய்வோம். பெரிய மேதாவிகள் என்று நினைப்பு. கொமிசேர் ஏன் சமையல்காரனின் முதலாளியை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை என்று தம்பி குறை கண்டுபிடித்தான். சூப்பு அதிகம் என்றேன் நான். சிநேகிதி எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கயிற்றோடு நிற்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த ஒரு பக்கத்துக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கலாம் என்றாள். வெள்ளைக்காரன் கதை எழுதினால் எப்படி எழுதுகிறான் பார் என்று மூன்று பேரும் வியந்துகொண்டோம்.

அவளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். எங்கள் ஊரில் அதைவிட நல்ல சம்பந்தம் கிடையாது. பெண் பாஷை தெரியாமல் போய் நிற்கக் கூடாது என்று அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீங்கதான் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கணும் முசியே. வேற யாரு இருக்காங்க எங்களுக்கு?" அப்பா சரி என்றார். என் அம்மா அடுப்படியில் இருந்து அவரைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாளில் இருந்து அப்பா சாயங்காலம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனார். அவருக்கு வாத்தியார் என்று ஒரு பேர் வந்ததே அப்போதுதான். அது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நடையிலேயே தெரிந்தது. மொதல்ல பேச்சு, எழுத்து அப்புறம் என்று அவர் சொன்னதை அந்த வீட்டில் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். சிநேகிதியும் உப்புக் கேட்கவும் தண்ணீர் கேட்கவும் கற்றுக்கொண்டாள். எழுத்து எப்போது என்று அவள் அம்மா கேட்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் நாக்கு பழகட்டும் என்பார்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை ஊருக்கு வந்தார். ஒரு நாள் பிற்பகல் பெண் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் பரப்பி வைத்திருந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சிறு பையனாகிவிட்டார். "இது நான் சின்ன வயசுல படிச்சேன்," என்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார். சிநேகிதி வெட்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் மூன்று பேருக்கும் பிடித்த இடம், பிரெஞ்சிலேயே படித்துக் காட்டுங்கள், பிறகு தமிழில் சொல்லுங்கள் என்றாள். அவர் படித்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இது கதை இல்ல. வயரை டிவில எப்படி மாட்டுறதுன்னு போட்டிருக்கு."

மூன்று இதயங்கள் மூன்று உயிர். அடிபட்டால் ஒன்று குறையும், மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. மேலே ஏறிய எண் வெறும் புள்ளிக் கணக்கு. ஊதாத் தலை போலீஸ் இல்லை, வேறு கிரகத்து ராட்சசன். சமையல்காரன் இல்லை, பழி இல்லை, சூப்பு எங்குமே இல்லை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சிநேகிதி என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். அவள் பார்க்காததில் இருந்தே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

தம்பிக்கு மட்டும் புரியவில்லை. அப்பா, மாப்பிள்ளை இருவரில் யார் சரி என்று தீர்த்துவிட வேண்டும் என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் ரொட்டிக்கடைக்கு ஓடினான். நான் பின்னால் ஓடினேன். ஊர் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளையும் சும்மா நடந்து வந்தார். கடையில் இரண்டு சொல்தாக்கள் நின்றிருந்தார்கள்.

"மாமா, மாப்பிள்ளை வேற மாதிரி படிக்கிறாரு. நீங்க ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க."

அப்பா பக்கத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புத்தகத்தை வாங்காமல் மாப்பிள்ளையிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். இன்னொரு கேள்வி, இன்னொரு பதில், இருவரும் சிரித்தார்கள். சொல்தாக்கள் தலையாட்டினார்கள். தப்பித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அப்பாவை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்தது கிடையாது.

"இந்தப் பக்கம் மாமா," என்றான் தம்பி மறுபடியும்.

"வெளிச்சம் பத்தல தம்பி."

"தெருவுக்கு வாங்க மாமா, வெயில்ல நல்லாத் தெரியும்."

யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாரும் சிரிக்கவில்லை. அப்பா துண்டால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா," என்றார். "பேசத்தான் தெரியும். குசினில எனக்கு யாரு எழுத்து சொல்லிக் குடுத்தா?" மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்தாக்களில் ஒருவர் ரொட்டியை எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறை வாங்காமலே இறங்கிப் போனார். எனக்கு அப்பாவின் மேல் இரக்கம் வரவில்லை. என்னை இப்படி நிற்க வைத்துவிட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் சிநேகிதியின் அம்மா வந்தார். கோபமே இல்லை. "பாண்டிச்சேரில எங்க அக்கா வீட்டுல தங்கிப் படிக்கட்டும்னு பாக்குறோம். அவரு மொதல்லயே சொல்லியிருக்கலாம், நாங்க என்ன தப்பா நெனைக்கவா போறோம்?" என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா காபி கொடுத்தார். அப்பா கொல்லைப் பக்கம் இருந்தார், உள்ளே வரவில்லை. இஸ்திரிச் சட்டை அந்த வாரம் முழுக்கக் கொடியிலேயே கிடந்தது.

பாண்டிச்சேரிக்குப் போவதற்கு முன் சிநேகிதி என்னிடம் வந்து, "அவரு மிச்சப் புத்தகத்தையும் படிச்சுச் சொன்னாருடி," என்று மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். "அதுல ஒன்னுமே இல்ல. ஓடுறான், குதிக்கிறான், அவ்வளவுதான். மாமா கதைதான்டி கதை." இதை அப்பாவிடம் போய்ச் சொல்லு என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். சொன்னால் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

கடை வழக்கம்போல நடந்தது. ரொட்டி விஷயத்தில் அப்பாவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் நிற்பவர்களின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. அடக்கிக்கொண்ட சிரிப்பா, இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் கல்லாவில் இருந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். பேசாமல் இருக்கக் கூடாதா என்று மனதுக்குள் கெஞ்சுவேன். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, என் முகத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு காலையில் வயதான சொல்தா ஒருவர் வந்து, எப்போதும்போலப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, "போன்ழூர் முசியே," என்றார். அப்பா என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாங்க, என்ன வேணும்?" என்றார். அவர் விடாமல் பிரெஞ்சில் இரண்டாவது தடவையும் ஏதோ கேட்டார். "ரெண்டு ரொட்டிங்களா?" என்றார் அப்பா. கிழவர் கொஞ்சம் தயங்கி, "ரெண்டு போதுங்க," என்று தமிழில் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அப்பா பிரெஞ்சு பேசி நான் கேட்கவில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியும் என்பதுதான் பொய். பேச்சு பொய் இல்லை. சிறு வயதில் இருந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்தது, அவருடையது என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது. அதை அவர் என் கண் முன்னால் கீழே வைத்தபோது, எனக்கு அப்பாடா என்றிருந்தது.