ஒரு ஃபார்மேட்டும் என் பத்து விரலும்

எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டராக மதிப்பதில்லை. சளி என்று போனாலும் இடுப்பில் ஒன்று குத்தி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். மிஷினுக்கு என்ன வந்தாலும் ஃபார்மேட். உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாகப் போடுவது. அந்த அக்கிரமம் என் வீட்டிலும் நடந்தது.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் பத்திரம் டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற பத்திர எழுத்தர் அண்ணாச்சி கையால் எழுதித் தருவார், நான் வீட்டில் உட்கார்ந்து அடித்துத் தருவேன். ஞாயிறு தவறாமல் பைபிளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற குடும்பம், நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை. ஆனால் என் வீட்டு உலை கொதிப்பது முகூர்த்த நாளை நம்பித்தான். நிலம் வாங்குகிற சனம் அத்தனையும் அன்றைக்குத்தான் பதிய வந்து நிற்கும். காலையில் பத்திரம் தயாராக இல்லையென்றால் அண்ணாச்சி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருந்தார்.

கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட். மூடிப்போன ஒரு டைப்பிங் சென்டரில் வாங்கியது. பெட்டி மஞ்சளடித்து, கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோய்க் கிடந்தது. அதனால் எனக்கென்ன? பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் நான். எழுத்துக் கட்டையைப் பார்த்து அடித்தால் அங்கே விரலில் ஸ்கேல் விழும். அந்தப் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் அடிக்க இந்த மிஷினில் வசதி இருந்தது. அதற்காகவேதான் வாங்கினேன்.

திங்கட்கிழமை முகூர்த்தம், அதற்கு அண்ணாச்சி எழுதித் தந்த பத்திரங்கள் அடிக்காமல் கிடந்தன. வெள்ளிக்கிழமை மிஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பைய ஓடுது, என்னன்னு கொஞ்சம் பாருங்க என்றுதான் சொன்னேன். அவருக்குக் காபி போட அடுப்படிக்குப் போய், டம்ளரோடு திரும்பி வருவதற்குள் திரையில் ஏதோ கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. என்னவென்று கேட்டால், பழசையெல்லாம் தூக்கியாச்சு என்கிறார். காபியை அவர் தலையில் ஊற்றாமல் மேசையில் வைத்தேனே, அது கர்த்தருடைய கிருபை.

பிறகு எல்லா வீட்டு மிஷினிலும் போடுகிற அதே இயங்குதளத்தை எனக்கும் போட்டார். அதில் சீட்டாட்டம் இருந்தது, பாட்டுக் கேட்க வசதி இருந்தது, படம் வரையக்கூட இருந்தது. என் டைப்ரைட்டர் தமிழ் மட்டும் இல்லை. கேட்டதற்கு, அதெல்லாம் தன்னிடம் கிடையாது, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழ் தானாக வரும் என்று இரண்டு விரலால் அடித்தும் காட்டினார்.

“இப்பம் யாரும் உங்கள மாதிரி அடிக்கதில்லக்கா. இதையே பழகிக்கிடுங்க. இந்த மிஷினும் இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்னு நெனைக்கிய?”

எனக்கு வந்ததே கோபம். தமிழ் அடிக்க நான் ஏன் இங்கிலீஷிடம் போய் நிற்க வேண்டும்? இத்தனை வருஷம் சோறு போட்ட விரல்களை ஒரு நாளில் மாற்றிக்கொள் என்றால், அதென்ன கழற்றி மாட்டுகிற வளையலா? இருந்தாலும் சனிக்கிழமை காலையில் அடித்துப் பார்த்தேன். கிரையம் என்ற ஒரு சொல்லை வரவழைப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. செல்லில் தேடித் தேடி வாசித்தேன். காசில்லாமல் கிடைக்கிற இயங்குதளம் ஒன்று பழைய மிஷினிலும் ஓடும், டைப்ரைட்டர் தமிழும் அதில் உண்டு என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். ஜெராக்ஸ் கடையில் அதை இறக்கி, மிஷினில் போடுகிற விதமாக ஒரு பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னையும் பென்டிரைவையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

மிஷினை ஆன் பண்ணியதும் ஒரு கட்டையை விடாமல் தட்ட வேண்டுமாம். முதல் தடவை நேரம் தவறிவிட்டது. அணைத்து மறுபடி போட்டு, கொத்து புரோட்டா போடுகிறவர் மாதிரி தட்டினேன். எதிலிருந்து தொடங்க என்று கேட்டது. பென்டிரைவைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கேள்வி வந்து நின்றது. இந்த டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?

கேட்டது பாருங்கள்! வாயில்லாத மிஷினுக்குத் தெரிகிற மரியாதை, என் வீட்டு நாற்காலியில் காபிக்காக உட்கார்ந்திருந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சீட்டாட்டமும் பாட்டும் போய்த் தொலையட்டும் என்று சம்மதம் கொடுத்தேன்.

கீபோர்டைக் கேட்கிற இடத்தில் தமிழைத் தொட்டால் அதற்குள் நாலைந்து வகை. டைப்ரைட்டர் என்று போட்டிருந்ததை எடுத்தேன். எல்லாம் ஏறி முடிந்ததும் இடது கையை வைத்து, இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடத்தை அடித்தேன். ய, ள, ன, க. அப்படியே திரையில் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் அந்த மெக்கானிக் மேல்தான் கோபம் வந்தது. ஞாயிறு கோயில் முடிந்து வந்து உட்கார்ந்தவள், அத்தனை பத்திரத்தையும் அடித்து, பிரிண்டும் எடுத்து முடித்துத்தான் எழுந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி வந்தார். நின்றபடியே தாள்களைப் புரட்டி, சர்வே நம்பரையும் நாலு எல்லையையும் விரல் வைத்து வாசித்தார். ஒரு தப்பு கிடையாது. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா?

“வாயால சொன்னாலே அடிக்கிற மிஷின் வந்துட்டாம்மா. அந்த மெக்கானிக் சொல்லுதான். ஒண்ணு வாங்கிப் போட்டுரலாம்னு இருக்கேன். அப்புறம் இந்த டைப்பு கிய்ப்புக்கெல்லாம் வேலை இருக்காது, பாத்துக்கோ.”

“வாங்குங்க அண்ணாச்சி. வாழைத் தோட்டத்துக்கு வடக்கெல்லையத் தெக்கேன்னு அது மாத்தி அடிச்சு கேஸ் ஆச்சுன்னா, கோர்ட்டுக்கும் அதையே கூட்டிட்டுப் போங்க. என்னையத் தேடாதீய.”

நான் அடித்த பத்திரங்களை அண்ணாச்சி பையில் வைத்தார். அடுத்த முகூர்த்தத்துக்குக் கையால் எழுதி வைத்திருந்த தாள்கட்டை அதே பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.