றெபேக்கா வீட்டு ஆற்றுப்பக்க வாசல்

றெபேக்காவுக்கு ஒரு குணம். ஒரு சாமான் ஓரிடத்தில் நின்றால் அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்க மாட்டாள். சுற்றிக் கூட்டித் துடைத்துவிட்டுப் போவாள். பேசாலையிலிருந்து கலியாணம் முடித்து அரிப்பு என்ற ஊருக்கு வந்தபோது புருஷன் வீட்டையும் அப்படியேதான் ஏற்றுக்கொண்டாள்.

வீடென்று கட்டிய வீடல்ல அது. அருவியாற்றங்கரையில், முத்துக் குளித்த காலத்தில் சாமான் அடுக்கிவைக்க எழுப்பிய கிட்டங்கி. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மொத்தச் சுவர். அதுபோலப் பழைய கட்டடங்கள் இன்னும் சில அந்தக் கரையில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக, பாதுகாக்கப்பட்ட இடம் என்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் தொல்பொருள் கந்தோரில் கேட்க வேண்டும். றெபேக்கா அதற்கும் பழகிவிட்டாள். சுவர் ஈரம் கக்கினால் பலகையைப் பார்த்து ஏசிவிட்டுச் சுண்ணாம்பு கரைப்பாள்.

போன மாரியில் புருஷன் சந்தியோகுவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறினாலும் விளங்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சில்லுக் கதிரையைக் கொண்டுவந்து பார்த்தால், வாசலின் கல்நிலையில் சில்லு இரண்டு பக்கமும் முட்டியது. மடித்துத்தான் உள்ளே எடுத்தாள். கிளினிக் நாளில் முன்வீட்டுக்காரர் வந்து அவனை மீன்பெட்டி போலத் தூக்கிப் போவார்கள். மற்ற நாளெல்லாம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். ஒரே வள்ளத்தில் கூடத் தொழில் செய்த பேதுரு பார்க்க வந்தால் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொள்வான். சாப்பாடும் குறைந்துகொண்டே போனது. வெளிக்காற்றுப் படாமலே மனுஷன் போய்ச் சேர்ந்துவிடும் என்று றெபேக்காவுக்குப் பயம் பிடித்தது. வாசலை அகலமாக்க அனுமதி கேட்டுக் கந்தோருக்கு நடந்தாள்.

பார்க்க வந்தது நிருஷா என்ற இளம் உத்தியோகத்தர், திருக்கேதீஸ்வரப் பக்கத்துப் பிள்ளை. வாசலை அளந்தாள், தடவினாள். கட்டடத்திலேயே ஆகப் பழையது இந்தக் கல்நிலைதான், இதில் உளி வைக்க முடியாது என்று மெல்லச் சொன்னாள். றெபேக்காவுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடவே மனம் வரவில்லை. ஆனாலும் போட்டாள்.

தேத்தண்ணி குடித்தபடி நிருஷா அறையை நோட்டம் விட்டாள். ஆற்றுப் பக்கச் சுவரை மறைத்துக்கொண்டு பாலை மரத்தில் ஒரு பெரிய அலுமாரி நின்றது.

"அன்ரி, இந்த அலுமாரி எப்பிடி உள்ளுக்கு வந்தது?"

அது மாமியார் காலத்துச் சாமான் என்று றெபேக்கா சொல்லத் தொடங்கினாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை ஓடுகூட மிஞ்சவில்லை. அலுமாரி மட்டும் வாசலால் போகாதபடியால் களவு போகாமல் நின்றது என்றாள். சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. வாசலால் போகாத சாமான் வாசலால் வந்திருக்கவும் முடியாது. முப்பது வருஷம் அதைத் துடைத்திருக்கிறாள்.

முன்வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு அலுமாரியை இழுத்தார்கள். பின்னால் வண்டியே போகக்கூடிய ஒரு வளைவு வாசல், சீமெந்துக் கல்லால் அடைத்து, வெளிப்பக்கம் தெரியாமல் சுண்ணாம்பு பூசிக் கிடந்தது. முத்துச்சிப்பி மூட்டை இறக்கிய வாசலாக இருக்கும் என்றாள் நிருஷா. அடைத்த கல் பழையதல்ல, எடுக்கலாம், அனுமதிக்குத் தானே எழுதுகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சந்தியோகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான். றெபேக்கா கட்டிலில் வந்து இருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"நானும் எங்கட அப்புவும்தான் அடைச்சனாங்கள். பிரச்சினைக் காலத்தில, நீ வாறதுக்கு முதல்."

"அப்ப ஏன் வாய் திறக்கேல்ல? நான் கந்தோர் வாசல்ல போய்ப் போய் நிண்டனான்."

"அந்தப் பக்கம் பேதுரு ஆக்கள் இருந்து கிழிஞ்ச வலை பொத்திற இடம். நான் இப்பிடியே அவங்களுக்கு முன்னால போறது?"

ஏசுவதற்கு றெபேக்காவிடம் நிறைய இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவன் கடைவாயில் வடிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழும்பினாள்.

"சவரம் எடுத்துவிடுறன். இந்தத் தாடியோட போனால்தான் சிரிப்பாங்கள்."

அனுமதி வந்து கல்லை எடுத்தபோது ஆற்று வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்து விழுந்தது. சந்தியோகு மறைப்புக் கட்டச் சொன்னான். பழைய சேலையொன்றைக் கட்டினாள். சில நாள் அதற்குப் பின்னால் கதிரையில் இருந்து, வெளியில் நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு காலை றெபேக்கா சேலையை ஒதுக்கிக் கதிரையைத் தள்ளினாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்தான்.

பூவரசுக்குக் கீழே நாலைந்து பேர் இருந்தார்கள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவனிடம் சுகம் விசாரிக்க மாட்டார்கள். வலையில் ஒரு தலைப்பைப் பிடிக்கக் கொடுப்பார்கள். வெறுங்கையோடு இருக்க விட்டால் அவன் மீன் வாங்க வந்த வெளியாள். பேதுரு என்ன செய்யப் போகிறானோ என்று றெபேக்கா கதிரைக்குப் பின்னாலேயே நின்றாள். பாவப்பட்டு இரண்டு வார்த்தை கேட்டானோ, இவன் பிறகு இந்தப் பக்கமே வரமாட்டான்.

பேதுரு எழும்பவில்லை. வலைத் தலைப்பை எட்டிச் சந்தியோகுவின் மடியில் போட்டான்.

"பிடியடாப்பா, தொய்யுது."

சந்தியோகு இடக்கையால் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் கை நழுவியது.

"இவ்வளவு நாளும் நித்திரை கொண்டும் பெலன் வரேல்லயே? வடிவாப் பிடி."

சந்தியோகு குழறிய வாயால் பேதுருவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லி ஏசினான். எல்லாருக்கும் விளங்கியது. சிரித்தார்கள்; வலை மறுபடியும் இறுகியது.

வெயில் ஏறமுதல் உள்ளே கொண்டுவந்து விடச் சொன்னாள் றெபேக்கா. "ஓம் மச்சாள், நீங்கள் போங்கோ" என்றான் பேதுரு, தலை நிமிராமல். அங்கே அவளுக்கு வேலை இல்லை. குசினிக்குள் போனவளுக்கு, பசியோடு வரப்போகிறவனுக்கு என்ன கறி வைப்பதென்று கனநேரம் யோசனை ஓடவில்லை.